கோளாறு வண்டியின் வயதில் இல்லை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலோ போளூர் சாலையிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய மாருதி 800-ஐயோ சான்ட்ரோவையோ கொண்டுபோய் நிறுத்தி, "சில நேரம் ஐடிலிங் தானா ஏறி நிக்குது, சில நேரம் சரியா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று பதில்களில் ஒன்று வரும். "பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும்." "ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைச்சு விடுறேன், சரியாயிடும்." "சென்சார் போயிருக்கும், மாத்திப் பார்த்துடலாம்."

இந்தப் பதில்கள் திருவண்ணாமலைக்கு மட்டும் சொந்தமல்ல. தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். வண்டி வைத்திருப்பவர்களும் இதை நம்புகிறார்கள், டீக்கடையில் யோசனை சொல்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: வந்து வந்து போகிற கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது, சமாளிக்கலாம் அல்லது எதையாவது மாற்றிப் பார்க்கலாம். இந்த எண்ணத்தை நான் முழுவதுமாக மறுக்கிறேன். பெட்ரோல் காரில் ஐடிலிங் ஏறி நிற்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒழுங்கான வழியும் உண்டு. பெரும்பாலும் அந்த வழி, பார்ட்ஸ் மாற்றிப் பார்ப்பதைவிட மலிவானது.

முதலில், இது பொறுத்துக்கொண்டு போகக்கூடிய விஷயமா என்பதைப் பார்ப்போம். சூடேறிய பெட்ரோல் கார் நிற்கும்போது ஆர்.பி.எம். 800, 900 அளவில் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் மாருதி 800-ஐ முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை விட்டால் மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து போகும். அது மனிதர் நடக்கும் வேகம். ஐடிலிங் 2,000-க்கு ஏறிவிட்டால் அதே வண்டி, கால் ஆக்சிலரேட்டரில் இல்லாமலேயே, 12 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாயப் பார்க்கும். நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்திருக்கும் ஊரில் தெரியும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவரும், கம்பு ஊன்றி வரும் பாட்டியும் பானட்டுக்கு இரண்டு அடி முன்னால் கடக்கும் ஊரில், தானாக முன்னேறத் துடிக்கும் வண்டியை "அப்படித்தான் இருக்கும்" என்று விடுவது பொறுப்பின்மை.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் ஆடி 5000 காருக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டி தானாகப் பாய்கிறது என்ற புகார்கள் 1986-இல் தொலைக்காட்சியில் வெடித்தன. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, 1989-இல் அறிக்கை தந்தது. பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்பது அதன் முக்கிய முடிவு. ஆனால் அந்தக் கார்களில் ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் கோளாறு வந்து ஆர்.பி.எம். ஏறியதும் உண்டு, அந்தத் திடீர் பாய்ச்சல் ஓட்டுநரைத் திடுக்கிட வைத்துத் தவறான பெடலை மிதிக்கச் செய்திருக்கலாம் என்பதையும் அறிக்கை சொன்னது. ஐடிலிங் கோளாறு நேரடியாக இடிப்பதில்லை. ஓட்டுகிறவரைப் பதற வைக்கிறது. நெரிசலில் அந்தப் பதற்றமே போதும்.

இப்போது முதல் பதிலுக்கு வருவோம். பழைய வண்டி என்றால் ஐடிலிங் ஏறத்தான் செய்யுமா? பெட்ரோல் என்ஜின் நிற்கும்போது எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது காற்று. கால் எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்கிறது. உள்ளே போக ஒரு சிறு வழிதான் திறந்திருக்கிறது. அந்த வழியாக வரும் காற்றின் அளவுக்கு ஏற்ற பெட்ரோலும், அதற்கேற்ற வேகமும் அமைகின்றன. ஐடிலிங் ஏறி நின்றால், அதிகக் காற்று உள்ளே போகிறது என்று பொருள். அது நான்கு வழிகளில்தான் போக முடியும். த்ராட்டில் தட்டு முழுதாக மூடவில்லை. அல்லது தட்டைச் சுற்றிக் காற்றுவிடும் ஐடில் வால்வு தேவைக்கு மேல் திறந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது தவறான தகவலை நம்பி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். அந்த வால்வை வேண்டுமென்றே திறக்கிறது. அல்லது தட்டுக்கு அப்பால், மேனிஃபோல்டில் எங்கோ ஓட்டை. இந்த நான்கிலும் "வயது" என்று ஒரு வழி இல்லை. வயதானால் ரப்பர் ஹோஸ் வெடிக்கும், கேஸ்கெட் சுருங்கும், கேபிள் துருப்பிடிக்கும். அவை ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மாற்றக்கூடிய பொருள்கள். பெரும்பாலானவை விலை குறைந்தவையும்கூட.

"அப்படியானால் ஏன் சில நேரம் மட்டும் வருகிறது?" இதுதான் எதிர்த்தரப்பின் பலமான கேள்வி. எல்லா மூடநம்பிக்கையும் இதிலிருந்துதான் பிறக்கிறது. பதில் எளிது. பல வண்டிகளில் கோளாறு வந்து போவதே இல்லை. எப்போதும் இருக்கிறது. அதை மறைக்கும் ஏற்பாடு கைவிரிக்கும் நேரத்தில் மட்டும் வெளியே தெரிகிறது.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தரும் எம்.பி.எஃப்.ஐ. முறையில் ஓடும் மாருதி, சான்ட்ரோ போன்ற வண்டிகளில், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் பார்க்கிறது, அதிலிருந்து ஈ.சி.எம். காற்றைக் கணக்கிடுகிறது. ஒரு ஹோஸில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், அதன் வழியே நுழையும் காற்றும் அழுத்தமாகத்தான் பதிவாகும். ஈ.சி.எம்.முக்கு அது திருட்டுக் காற்று என்று தெரியாது. அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். மிஸ்ஸிங் இருக்காது, நடுக்கம் இருக்காது, ஆர்.பி.எம். மட்டும் வழவழவென்று ஏறும். ஏறுவதைப் பார்த்த ஈ.சி.எம். ஐடில் வால்வை மூடி அதைச் சரிக்கட்டும். ஓட்டை சிறியதாக இருக்கும்வரை இந்தச் சரிக்கட்டல் போதும். ஏசி ஓடினால் அந்தச் சுமையே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஏசி இல்லாமல், என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், வால்வு ஏற்கெனவே கிட்டத்தட்ட மூடிக்கிடக்கும். அதற்கு மேல் குறைக்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் ஐடிலிங் ஏறி நிற்கும்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடிவந்து, ஊருக்குள் நுழைந்ததும் நெரிசலில் மாட்டும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது முன்னிருந்து வீசிய காற்று நின்றுவிடுகிறது. பானட்டுக்குள் சூடு தேங்குகிறது. பல வருடச் சூட்டில் இறுகிப்போன ரப்பர், இணைப்புகளில் பிடி தளர்கிறது. வெடிப்பு வாய் திறக்கிறது. தேரடி வீதிக்கு வரும்போது ஆர்.பி.எம். 1,800. மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பினால் எல்லாம் ஒழுங்கு. "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்று மெக்கானிக் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கோளாறு வெளிப்படும் நிலையில் அவர் வண்டியைப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இரண்டாவது பதில், ஸ்க்ரூ. கார்புரேட்டர் காலத்தில் ஐடிலிங் ஸ்க்ரூ ட்யூனிங்குக்காகவே வைக்கப்பட்டது. அம்பாசிடரிலும் 1983-இல் வந்த மாருதி 800-இலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் காதால் கேட்டே அதைச் சரிசெய்தார்கள். அந்தத் திறமைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்க்ரூவின் வேலை வேறு. அது தட்டின் மூடிய நிலையைத் தொழிற்சாலையில் குறித்து வைப்பது. பல வண்டிகளில் அதைப் பெயிண்ட் வைத்து முத்திரையிட்டே அனுப்புகிறார்கள். அதைத் திருகினால் தட்டின் நிலை மாறும், த்ராட்டில் சென்சார் காட்டும் அளவும் மாறும். "கால் எடுத்தாயிற்று" என்பதை ஈ.சி.எம். உணரும் புள்ளியே நகர்ந்துவிடும். பிறகு ஐடிலிங் கட்டுப்பாடு சில நேரம் இயங்கும், சில நேரம் இயங்காது. ஒரு கோளாறோடு போன வண்டி இரண்டு கோளாறோடு திரும்பும். கார்புரேட்டர் வண்டியிலும் இதே நியாயம்தான். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து காற்று இழுக்கிறது, அல்லது சோக் கேபிள் மாட்டிக்கொள்கிறது என்றால், ஸ்க்ரூவைக் குறைப்பதால் சூட்டில் ஐடிலிங் அடங்கும், காலையில் வண்டி நின்று நின்று போகும்.

மூன்றாவது பதில்தான் பணத்தைத் தின்பது. "சென்சார் மாத்திப் பார்ப்போம்." எந்தச் சென்சார்? கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ஐடிலிங்கை ஏற்றக்கூடியதுதான். என்ஜின் குளிராக இருக்கிறது என்று அது சொன்னால், ஈ.சி.எம். காலையில் கிளப்பும்போது செய்வதுபோல ஆர்.பி.எம்.மை ஏற்றி வைக்கும். ஆனால் அந்தச் சென்சாரைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 ஓம்ஸுக்கு மேல் இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 ஓம்ஸ் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் சென்சார் நல்லது. பிறகு பார்க்க வேண்டியது கனெக்டரை. பின்னில் பச்சை பூத்திருந்தால் அந்தத் துருவே கூடுதல் தடையாகி, சூடான என்ஜினைக் குளிர்ந்ததாகக் காட்டும். புதுச் சென்சாரை அதே துருப்பிடித்த கனெக்டரில் மாட்டினால் என்ன பயன்? ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தாலும் இதே கதைதான். சென்சாரின் முனை கூலன்டில் நனையாமல் காற்றில் நின்றால் அளவு தாறுமாறாகும். டேஷ்போர்டு முள் சரியாக நிற்பதை வைத்து இதை ஒதுக்கிவிடக் கூடாது. பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈ.சி.எம்.முக்கு வேறொரு சென்சார்.

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் காட்டலை" என்பது இதன் தொடர்ச்சி. ஸ்கேனர் நல்ல கருவி. ஆனால் அது காட்டாததெல்லாம் இல்லாததாகிவிடாது. வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓ.பி.டி. அமைப்பு இந்தியாவில் கார்களுக்குக் கட்டாயமானதே 2010 ஏப்ரலில்தான், அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி செய்தது. பொதுவான ஸ்கேனர் பலவற்றில் பேசக்கூடச் செய்யாது. பேசினாலும், அளவு சாத்தியமான எல்லைக்குள் இருந்தால் கோளாறுக் குறியீடு பதிவாகாது. சூடான என்ஜினை 40 டிகிரி என்று சொல்லும் சென்சார் ஈ.சி.எம்.முக்கு நம்பத்தகுந்த சாட்சிதான். ஸ்கேனரில் பார்க்க வேண்டியது குறியீட்டை மட்டுமல்ல, ஓடும்போது மாறும் அளவுகளை. கூலன்ட் எத்தனை டிகிரி, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஐடில் வால்வு எந்த நிலையில் நிற்கிறது. வால்வு முழுக்க மூடியிருந்தும் ஆர்.பி.எம். ஏறி நின்றால் காற்று வேறெங்கிருந்தோ வருகிறது. வால்வை ஈ.சி.எம். வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தால், யாரோ அதற்குத் தவறான செய்தி கொடுக்கிறார்கள். இந்த ஒரு பார்வையே பாதி வழியைக் கடந்துவிடும்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. கோளாறு இருக்கும் நிலையிலேயே, அதாவது என்ஜின் சூடாக, ஐடிலிங் ஏறி நிற்கும்போதே பானட்டைத் திறக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில். முதலில் த்ராட்டில் கேபிள் முடியும் இடத்தில் விரலால் அந்த அரைவட்டச் சக்கரத்தை மூடும் பக்கமாக அழுத்த வேண்டும். ஆர்.பி.எம். இறங்கினால் கதை முடிந்தது. கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது தட்டின் விளிம்பில் கரி கட்டி மூட விடவில்லை. இறங்காவிட்டால், ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி த்ராட்டில் வாயைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் தட்டுக்கு முன்னால் சிறு துளை ஒன்று தெரியும். ஐடில் வால்வுக்குக் காற்று போகும் வழி அது. அதை விரல் நுனியால் அடைத்தால் சீறல் நின்று ஆர்.பி.எம். சட்டென்று விழுகிறதா? அதிகக் காற்று அந்த வழியாகத்தான் வந்தது. வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது அதைத் திறக்கச் சொல்லும் தகவலைத் தேட வேண்டும். விரலால் அடைத்தும் வேகம் குறையவில்லையா? ஓட்டை தட்டுக்கு அப்பால்.

அடுத்து ஹோஸ்கள். துணி சுற்றிய பிளேயரால் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் மேனிஃபோல்டு பக்கம் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எதைப் பிடித்ததும் ஆர்.பி.எம். இறங்குகிறதோ, அந்த ஹோஸ் போய்ச் சேரும் இடம்வரைதான் இனித் தேடல். எல்லா ஹோஸும் நல்லதென்றால் கேஸ்கெட்டும் இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் மிச்சம். சந்தேகப்படும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே, ஓட்டை அதை இழுக்கும்போது என்ஜின் சத்தம் ஒரு கணம் மாறும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் தெளிப்பது தீயை அழைப்பது. அதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

ஹோஸ்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பிரேக் பூஸ்டருக்குப் போவது. அது வெடித்தால் ஐடிலிங் ஏறுவதோடு பிரேக்குக்குக் கிடைக்கும் துணையும் குறையும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஜவ்வாது மலை வளைவுகளில் இறங்கும்போது பெடல் கல்லாக இறுகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சோதனை எளிது. என்ஜினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே கிளப்புங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது மிதிக்கும்போது காற்றுச் சீறல் கேட்டால், ஐடிலிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை அடக்கியவர் இந்த எச்சரிக்கையின் வாயைத்தான் அடைத்துவிட்டார்.

சுத்தம் செய்த பிறகும் ஐடிலிங் ஏறுகிறதே என்ற புகாரும் உண்டு. அதற்கும் காரணம் தெரிந்ததே. கரி படிந்த காலத்தில் குறைந்த காற்றை ஈடுகட்ட ஈ.சி.எம். வால்வை அதிகம் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கும். கரி போனதும் அந்தப் பழைய பாடம் தவறாகிவிடுகிறது. மீண்டும் கற்க என்ஜினைச் சூடேறும்வரை எந்தச் சுமையும் இல்லாமல் ஓட விட வேண்டும். சில வண்டிகளில் அதற்கென்று கம்பெனி சொல்லும் முறை இருக்கிறது. இதை அறியாமல் "சுத்தம் பண்ணினதுல வால்வு கெட்டுப்போச்சு" என்று புது வால்வை வாங்க வைப்பது நடந்துகொண்டே இருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மெக்கானிக்குக்கு நேரம்தான் சோறு. சூடேறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு ஹோஸாக அழுத்திப் பார்த்து, கடைசியில் விரல் நீள ரப்பர் துண்டை மாற்றினால், "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டு அம்பது ரூபாயை நீட்டுகிறோம். அதே மெக்கானிக் ஆயிரக்கணக்கில் விலையுள்ள சென்சாரை மாற்றினால் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், கண்டுபிடித்த மூளைக்குக் கொடுக்க மாட்டோம் என்றால், அவர் பொருளைத்தான் விற்பார். மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்ததில் வண்டி வைத்திருப்பவர்களின் பங்கு பெரிது. ஆனால் இந்த நியாயம் அந்தப் பழக்கத்துக்கு விளக்கமாகுமே தவிர, அதைச் சரியாக்கிவிடாது. கூலி முறை தவறென்றால் மாற்ற வேண்டியது கூலி முறையை.

தகவல் கொடுக்கும் கடமையும் நம்முடையதே. முறைக்காய்ச்சலோடு போகும் நோயாளியிடம் எந்த நேரத்தில் காய்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, குளிர் முன்னால் வருகிறதா என்று மருத்துவர் கேட்பார், பதிலில்தான் பாதி வைத்தியம். வந்து போகும் ஐடிலிங்குக்கும் அதே கேள்விகள்தான். குளிரிலா சூட்டிலா? ஏசி போட்டால் இறங்குகிறதா? ஹெட்லைட் போட்டால் மாறுகிறதா? பிரேக் மிதித்தால்? வண்டி உருளும்போது மட்டுமா, முழுதாக நின்ற பிறகுமா? ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டிவிட்டால் அடங்குகிறதா? ஒவ்வொரு பதிலும் ஒரு வழியை அடைத்து இன்னொன்றைத் திறக்கும். தட்டிவிட்டால் அடங்குகிறது என்றால் கேபிளும் தட்டும். ஏசியில் மறைகிறது என்றால் காற்று ஓட்டை. பிரேக் மிதிக்கும்போது மாறுகிறது என்றால் பூஸ்டர். இந்தப் பதில்கள் வண்டியைத் தினமும் ஓட்டுகிறவரிடம் மட்டுமே இருக்கின்றன. எந்த ஸ்கேனரும் இவற்றைத் தராது.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஐடிலிங் ஏறும் நேரங்களை ஒரு வாரம் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு தெரியும் நிலையிலேயே, சூடாகவே, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். காரணத்தைக் காட்டிய பிறகே பார்ட்ஸ் மாற்றச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவருக்கு, அவர் மாற்றியது பத்து ரூபாய் ஹோஸாகவே இருந்தாலும், கண்டுபிடித்ததற்கான கூலியை மனமாரக் கொடுங்கள். ஸ்க்ரூவில் கை வைக்க வருகிறவரிடம் மட்டும், "வேண்டாங்க" என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.